மறதிக்கு ஒரு குமிழ்

கோதண்டராமன் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தன, மாடித் தொட்டியைத் தவிர. ஜோகுபாளையத்தில் அவர் கட்டிய அந்த வீட்டுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் விடிகாலையில் காவேரித் தண்ணீர் வரும். வந்தது தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் சேரும். அவர் மனைவி அம்புஜம் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பூஜை அறைக்குள் போவாள். மாடித் தொட்டி நிரம்பும். நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடும். மிஞ்சிய தண்ணீர், வீடு கட்டிய மேஸ்திரி வைத்துவிட்டுப் போன ஒரு குழாய் வழியாகப் பின்சுவரைத் தாண்டிச் சந்தில் கொட்டும். கொஞ்ச நேரம் கழித்து, "அச்சச்சோ, மறந்துட்டேன்!" என்று அம்புஜம் ஓடிவந்து சுவிட்சை அணைப்பாள்.

பதினைந்து வருஷமாக இதுதான் நடந்தது.

அம்புஜத்துக்கு மறதி என்று நம்ப ஒரு படித்த மனிதரால்தான் முடியும். நாத்தனார் பேத்தியின் நட்சத்திரம், பால்காரன் போன மாதம் கொடுக்காமல் விட்ட அரை லிட்டர், மைசூரில் யாரோ ஒருவர் கல்யாணத்தில் ரசத்துக்கு உப்புப் போதாமல் போனது, எல்லாமே அவளுக்கு ஞாபகம் இருந்தது. மோட்டார் மட்டும் நினைவில் தங்கவில்லை. இந்த முரண்பாட்டைக் கோதண்டராமன் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. அவர் வேலை பார்த்த டெலிபோன் தொழிற்சாலையில், தானே விழுந்து எழும் ரிலே என்கிற சுவிட்ச் ஒன்று 'டிக்' என்று சொல்வதற்குப் பதிலாக 'டக்' என்று சொன்னால் நாற்பதடி தூரத்திலிருந்தே தலையைத் திருப்புகிறவர் அவர். வீட்டுச் சத்தங்களுக்கு அந்தக் காது கிடையாது.

சத்தம் இருக்கத்தான் செய்தது. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை லைன் வீடுகள். முதல் வீட்டில் பெர்னதெத் இருந்தாள். இட்லி மாவு அரைத்து, ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டல்களுக்குக் கொடுப்பது அவள் தொழில். லைனுக்கென்று முனையில் ஒரு பொதுக்குழாய் உண்டு. ரோட்டை அகலப்படுத்தியபோது எதை எதனோடு சேர்த்தார்களோ, அன்றிலிருந்து அதில் காற்றுதான் வந்தது. நகரத்தின் வரைபடத்தில் அந்தக் குழாய் இன்னமும் இருந்தது. ஆகவே லைனுக்குத் தண்ணீர் உண்டு என்பது அரசாங்கத்தின் கருத்து. பெர்னதெத்தின் தண்ணீர் கோதண்டராமன் வீட்டுச் சுவர் மேலிருந்து விழுந்தது. அது விழுகிற நாட்களில் குடங்கள் வரிசையாக நிற்கும். சண்டை கிடையாது, பேச்சு கிடையாது. பெங்களூரிலேயே அவ்வளவு மரியாதையான தண்ணீர் வரிசை வேறெங்கும் இருந்திருக்காது. சத்தம் போட்டு அந்த வீட்டு சாரின் தூக்கத்தைக் கெடுத்தால் தண்ணீர் நின்றுவிடுமே என்ற பயம்தான் காரணம்.

கடைசிக் குடம் நிறைந்ததும் பெர்னதெத் சுவரைப் பார்த்து ஓங்கிக் கத்துவாள்.

"யோவ் ஜெயராஜ்! ஏந்துருய்யா! பொழுது விடிஞ்சு எத்தினி நேரமாச்சு!"

ஜெயராஜ் அவள் புருஷன். இந்தக் குரல் கேட்ட மறுநிமிடம் அம்புஜத்துக்கு மோட்டார் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டு பெண்களும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினால் அது ஏற்பாடு ஆகிவிடும். ஏற்பாடு என்றால் யாராவது அனுமதி தர வேண்டும், யாராவது மறுக்க வேண்டும், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சங்கம் கூடி விவாதிக்க வேண்டும். மறதிக்கு இவ்வளவு தொந்தரவு இல்லை. கோதண்டராமன் இரண்டு குரல்களையும் தவறாமல் கேட்டார், இரண்டு தனித்தனித் தீர்ப்பு வைத்திருந்தார். ஒன்று, தன் மனைவிக்கு ஞாபகமறதி. இரண்டு, பின்வீட்டு ஜெயராஜைப் போன்ற சோம்பேறி இந்த ஊரிலேயே கிடையாது. "அவனை எழுப்பறதுக்கே அந்தப் பொம்மனாட்டிக்குத் தொண்டை போயிடும்" என்று காப்பி குடித்தபடி இரக்கப்படுவார்.

தொண்ணூற்றெட்டில் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். அதில் விருப்பம் யாருடையது என்று கேட்கும் வழக்கமில்லை. வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே கோதண்டராமன் தொட்டி வழிவதை முழுசாகப் பார்த்தார். அதுவரை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் காதில் மட்டுமே விழுந்த விஷயம். அவருடைய அப்பா மைசூர் அரசாங்கத்து மின்சார இலாகாவில் ஓவர்சியராக இருந்தவர். ஒரு அறையில் விளக்கு எரியும்போது அடுத்த அறையில் எரியக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தவர். அந்த வம்சத்து வீட்டுச் சுவரிலிருந்து, காவேரியிலிருந்து நூறு கிலோமீட்டர் தாண்டி, மேட்டில் ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீர் தெருவில் கொட்டுகிறது. குழாய் வாய் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது எங்கே விழுகிறது என்று எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. விரயத்துக்கு விலாசம் எதற்கு?

மொட்டை மாடி அறையில், ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தார். தொட்டிக்குள் மூன்று கம்பிகள் வெவ்வேறு உயரத்தில் தொங்கும். தண்ணீர் மேல் கம்பியைத் தொட்டதும் கீழே ஒரு டப்பாவுக்குள் ரிலே விழுந்து மோட்டார் தானே நிற்கும். டப்பா, அம்புஜத்தின் பழைய எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. கருவிக்கு 'ஜலமித்ரா' என்று பெயர் வைத்தார்.

முதல் நாள் தொட்டி நிறைந்தது, டப்பாவுக்குள் 'டிக்' என்றது, மோட்டார் நின்றது. சந்தில் ஒரு சொட்டு விழவில்லை. யாரும் ஜெயராஜை எழுப்பவில்லை.

"ஆச்சு, அம்புஜம். இனிமே நீ தைரியமா மறக்கலாம்" என்றார்.

அவள் சுவிட்சுக்கு அருகில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். "மறக்கறதுக்கு இனிமே என்ன இருக்கு" என்றாள்.

அடுத்த தண்ணீர் நாளில் தொட்டி பழையபடி வழிந்தது. கோதண்டராமன் மாடிக்கு ஓடினார். கம்பிகளின் மேல் மெல்லிய பிசுக்குப் படலம். தண்ணீர் தொட்டாலும் மின்சாரம் ஓடவில்லை. 'தண்ணீரில் ஏதோ எண்ணெய்ப் பசை' என்று முடிவுகட்டினார். அழுக்கு ஒட்டாத நல்ல எஃகுக் கம்பியாக, இரட்டையாகப் போட்டார். கருவி முன்னைவிடத் தேறியது.

பிறகு ஒருநாள் பிளக் பிடுங்கிக் கிடந்தது. "மிக்ஸிக்கு வேண்டியிருந்தது, ஏன்னா" என்றாள் அம்புஜம். நியாயம்தான், வீடென்றால் மிக்ஸி இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் மோட்டாரே ஓடாதபடி இணைப்பை மாற்றினார். கருவி இன்னும் தேறியது. வடாம் காயப்போட அவள் மாடிக்குப் போய்வந்த ஒருநாள், மேல் கம்பி ஒரு சாண் உயர்ந்து, தண்ணீர் எட்டவே முடியாத இடத்தில் தொங்கியது. "புறா" என்றார் கோதண்டராமன். அதற்கு ஒரு கிளாம்ப், ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு.

ஆராய்ச்சிக்கு நல்ல எதிராளி அமைவது பெரிய பாக்கியம். பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யும் சோதனைகளை அம்புஜம் பைசா வாங்காமல் செய்துகொடுத்தாள். ஒன்றரை வருஷத்தில் 'ஜலமித்ரா' எந்தக் கையாலும் கெடுக்க முடியாத கருவியாகிவிட்டது. அதனால்தான் தெருவில் மற்றவர்களும் கேட்டு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுத் தொட்டி வழிவது நின்றது, எதிர்வீட்டுத் தொட்டி வழிவது நின்றது. பின்சுவர் முழுக்கக் காய்ந்தது. தடுக்கப் போனவள்தான் பரப்பிவிட்டாள் என்று சொன்னால் அம்புஜம் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் நடந்தது அதுதான்.

பெர்னதெத் லாரித் தண்ணீருக்கு மாறினாள். அது எங்கோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிற உப்புத் தண்ணீர். உளுந்து முன்போல் பொங்கவில்லை. இட்லி மஞ்சளாக, கல் மாதிரி வந்தது என்று ஒரு ஓட்டல்காரர் வாளியைத் திருப்பி அனுப்பினார். பிறகு இன்னொருவர். லைனில் மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். மாவுக்காரிக்குச் சமாளிக்க வழியில்லை. அம்புஜம் மாமிக்குத் தன்மேல் என்ன கோபம் என்று அவளுக்குப் புரியவேயில்லை.

மாடியில் அப்போது ஹரிஷ்குமார் குடியிருந்தான். நாமக்கல்காரன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஊரே பெங்களூரைச் சிங்கப்பூர் ஆக்கப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். சிங்கப்பூரைப் பார்க்காதவர்கள்தான் அதிகமாகப் பேசினார்கள். ஹரிஷ் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது வெறும் சுவிட்ச் இல்லீங்க. ஸ்மார்ட் டேங்க்" என்றான்.

"ஸ்மார்ட்டா? அதுக்கு வெள்ளையடிச்சே பத்து வருஷமாச்சு" என்றாள் அம்புஜம்.

அவன் கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாகப் படம் போட்டான். ஒரு வீட்டில் மிச்சமாகும் தண்ணீர், ஒரு தெருவில், ஒரு வார்டில். வார்டைத் தாண்டி நகரத்துக்குப் போனபோது கோதண்டராமனே "போதும்ப்பா" என்றார். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் இரண்டாம் முறை மோர் கேட்டார். அவர் சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான். ஹரிஷ் அந்தப் படத்தை அனுப்பிவைக்க, மாதிரி வார்டு ஒன்றை உருவாக்குவதற்கென்று நகரத்தில் அமைத்திருந்த குழு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்து கருவியைப் பார்ப்பதாகத் தகவல் வந்தது. பிடித்திருந்தால் வார்டு முழுக்க வைப்பார்கள்.

அம்புஜத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வார்டு முழுக்க என்றால் எத்தனை பின்சுவர், எத்தனை சந்து!

குழுவின் சார்பில் ரக்ஷா வந்தாள். நகர அமைப்பைப் பற்றி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண். கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்டாள், பதிலை முழுசாகக் கேட்டாள். குழுக்களில் இது அபூர்வம். தெருச் சங்கத்தின் செயலாளர் ஓஸ்வால்ட், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹரிஷ் படம் காட்டினான். கோதண்டராமன் மோட்டாரைப் போட்டார். தொட்டி நிறைந்தது. 'டிக்'. எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டுகிற சத்தம் அடங்குகிற நேரத்தில் வாசல் கேட் திறந்தது. பெர்னதெத் காலிக் குடத்தோடு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் முன்வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அன்றும் சும்மா வரவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டு, இன்றைக்காவது விழும் என்று பின்னால் குடத்தை வைத்துக் காத்திருந்து, விழாமல் போகவே வந்திருந்தாள்.

"மாமி, நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்? சொல்லிடுங்க. மன்னாப்பு கேட்டுக்கறேன்."

அம்புஜம் அவசரமாக வாசலில் நின்ற மாமரத்தைப் பார்த்தாள்.

"பெர்னதெத்? நீயா?" என்றார் ஓஸ்வால்ட். மாதா கோயிலில் இரண்டு பேருக்கும் ஒரே பூசை. "இங்க என்ன வேலைம்மா ஒனக்கு? மீட்டிங் நடக்குது."

"தண்ணி சார். மாவு பேஜார் பண்ணுது. லாரித் தண்ணில ஒண்ணும் வேலைக்கி ஆவல."

கோதண்டராமன் முன்னால் வந்தார். "யாரும்மா நீ? எங்காத்துத் தண்ணிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

பெர்னதெத் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பிடிக் கேக்காதீங்க சாரு. பதினஞ்சு வருசமா நீங்க வுடுற தண்ணிலதான் எங்க அடுப்பு எரியுது. சாருக்குத் தெரியாமயா அம்மாம் தண்ணி வரும்? நீங்க பெரிய மனுசன், வாயத் தொறந்து சொல்லிக்க மாட்டீங்கன்னு எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும்."

தான் ஒழிக்கப் பாடுபட்ட ஒரு தர்மத்துக்காக, ஒரு குழுவின் முன்னால் பாராட்டு வாங்கும் யோகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கோதண்டராமன், "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். மந்திரிகள் சொல்வது.

எல்லோரும் போன பிறகு கூடத்தில் அவரும் அம்புஜமும் மட்டும் இருந்தார்கள்.

"கம்பியில எண்ணெய்?"

"தேங்காய் எண்ணெய்" என்றாள் அம்புஜம்.

"பிளக்?"

"நான்தான்."

"அப்போ அந்தப் புறா?"

"புறா பாவம், ஏன்னா. அதை ஒண்ணும் சொல்லாதீங்கோ."

"என்னண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்புஜம்!"

"சொல்லியிருந்தா நீங்க சரின்னுதான் சொல்லியிருப்பேள். சொல்லிட்டு அதுக்கு ஒரு நேரம், ஒரு விதி, ஆளுக்கு இத்தனை குடம்னு போர்டு வெச்சிருப்பேள். அவளுக்கு வாங்கிக்கறதுக்கே கூச்சமாயிருக்கும்."

போர்டு என்ன நிறத்தில் என்பதுவரை அந்த நிமிடமே அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கருவியைக் கழற்றிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கழற்றினால் அது தோல்வி. கோதண்டராமன் மாடிக்குப் போனார். இரண்டு நாள் கழித்து டப்பாவின் முகப்பில் ஒரு கறுப்புக் குமிழ் முளைத்திருந்தது, பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு இருக்குமே, அது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் உடனே நிற்காது. குமிழ் சொல்கிற அளவு நேரம் ஓடிவிட்டு நிற்கும். பூஜ்யத்தில் வைத்தால் உடனே நிற்கும். குமிழின் கீழே கொட்டை எழுத்தில் 'மறதி' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

ரக்ஷா மறுபடி வந்தபோது அதை வெகுநேரம் பார்த்தாள். கேலி செய்யவில்லை.

"சார், லைனுக்குத் தண்ணி கொடுக்க வேண்டியது நகரத்தோட பொறுப்பு. உங்க ஓவர்ஃப்ளோவோட பொறுப்பில்ல. இன்னிக்கு நீங்க இருக்கீங்க, நாளைக்கு வீட்ட வித்துட்டா? வாங்கறவர் குமிழைத் திருப்பிட்டா? ஒருத்தரோட மனசை நம்பி ஒரு சிஸ்டம் நிக்கக் கூடாது."

"ஒப்புக்கறேன்மா. குழாய் எப்ப வரும்?"

"பிளான்ல இருக்கு."

"அவ உளுந்து ராத்திரி ஊறணும். பிளான்ல ஊறாது." கோதண்டராமன் குரலை உயர்த்தவில்லை. "நான் அளவு தெரிஞ்சவன்னு நினைச்சிண்டிருந்தேன். குழாயிலேர்ந்து கொட்டினதை எல்லாம் விரயம்னு எழுதினேன். ஹரிஷ் படத்துலயும் அப்படித்தான் போட்டான். அதுல ஒரு லைன் முழுக்க இருந்தது. கணக்கு தப்புன்னு தெரிஞ்சப்புறம் கருவியை மாத்தாம இருக்க முடியுமா? குழாய் வர்ற அன்னிக்கு நானே பூஜ்யத்துக்குத் திருப்பறேன். அதுக்குத்தான் பூஜ்யம் வெச்சிருக்கேன்."

"குமிழ் இல்லாம கொடுத்தீங்கன்னா வார்டு முழுக்க உங்க கருவிதான் சார். வழியற தண்ணிக்கு வசதி செஞ்சு கொடுக்கற கருவியை நான் எப்படிச் சிபாரிசு பண்ணுவேன்?"

"வேண்டாம்" என்றார் கோதண்டராமன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது.

ஹரிஷ் படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். "அங்கிள், வார்டுங்க! முழு வார்டு!"

"தெரியும்ப்பா."

ரக்ஷா சொன்னதில் தப்பே இல்லை. அவர் சொன்னதிலும் இல்லை. நல்ல நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது வந்து சேர்கிறவரைக்கும் எப்படி நாளைத் தள்ளுவது என்ற கேள்வி மட்டும் அவளுடைய படிப்பில் இல்லை. போகும்போது லைன் வீட்டுக் குழாய் விஷயத்தைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு போனாள். மாதிரி வார்டுக்கு வேறு எங்கிருந்தோ மிதக்கும் பந்து வால்வுகள் வந்தன. அவற்றில் குமிழ் கிடையாது.

அடுத்த தண்ணீர் நாள் காலை. குமிழை எவ்வளவில் வைப்பது என்பது கோதண்டராமனின் பிரச்சினை. "எத்தனை நிமிஷம் வேணும்?" என்று பென்சிலோடு நின்றார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அம்புஜம். "ஜெயராஜ் எழுந்துக்கற வரைக்கும்."

அளவு என்று வந்துவிட்டால் நேரில் பார்க்காமல் அவருக்கு முடியாது. ஸ்டூலைப் பின்சுவரோரம் இழுத்துப் போட்டு, அந்த வீடு கட்டியதிலிருந்து முதல் தடவையாக, சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

தண்ணீர் கனமாக விழுந்துகொண்டிருந்தது. குடங்கள் ஓசையில்லாமல் நகர்ந்தன. குழாய்க்கு நேர் கீழே, முண்டா பனியன் முழுக்க நனைந்து, ஒரு கையில் நிறைந்த குடமும் இன்னொரு கையில் காலிக் குடமுமாக ஒரு ஆள் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து வேலையில் இறங்கியவரின் முகம். கடைசிக் குடம் நிறைந்தது. பெர்னதெத் அவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் காதருகிலேயே, சுவரைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக் கத்தினாள்.

"யோவ் ஜெயராஜ்! ஏந்துருய்யா! பொழுது விடிஞ்சு எத்தினி நேரமாச்சு!"

அந்த ஆள் அண்ணாந்தார். சுவருக்கு மேல் கோதண்டராமனின் தலை தெரிந்தது. பெர்னதெத் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"குட் மார்னிங் சாரு" என்றார் ஜெயராஜ்.

கோதண்டராமன் ஸ்டூலிலிருந்து இறங்கி உள்ளே போனார். குமிழைக் கொஞ்சம் திருப்பி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, இன்னும் ஒரு மயிரிழை கூட்டி வைத்தார்.